பச்சைச் சிலுவைத் தட்டு

ஜெமைமா பெங்கெல்லி பிறந்ததே தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான். தென் ஆஸ்திரேலியாவின் வடக்கு மலைகளுக்குள் ரயில் பாதை போட்டுக்கொண்டு போன காலம் அது. அவளுடைய அப்பா கல் உடைக்கும் கூட்டத்தில் இருந்தார். பாதை பத்து மைல் முன்னே போனால் கூடாரமும் பத்து மைல் முன்னே போகும். அப்படி ஒரு கூடாரத்தில், பாதி மூட்டை கட்டியும் பாதி கட்டாமலும் இருந்த ஒரு காலையில் அவள் பிறந்தாள். பள்ளிக்கூடம் என்று பார்த்தால் மூன்று வருஷம்கூட இராது. எழுத்துப் படித்தது வேதாகமத்தில். எண் படித்தது ரயில் நேரப் பட்டியலில்.

இருபது வயதில் வில்ஃப் பெங்கெல்லியைக் கட்டிக்கொண்டாள். வில்ஃப் தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்மேனாக இருந்து மேஸ்திரியானவன். பேச்சு குறைவு, வேலையில் கெட்டி. வண்டி ஒதுங்கக் கிளைத் தண்டவாளம் போட்ட சின்ன நிறுத்தத்துக்குச் சைடிங் என்று பெயர். அவனோடு அப்படி நாலைந்து சைடிங் மாறி, கடைசியில் விரண்டிக்கு வந்து சேர்ந்தாள். ஒரு மகனை டிப்தீரியாவுக்குக் கொடுத்தாள். ஒரு மகளை அடிலெய்டில் கட்டிக் கொடுத்தாள். விரண்டியில் மூன்று தகர வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு டெலிபோன். இவ்வளவுதான் ஊர். அந்த டெலிபோனுக்கும் இரண்டு கொடிக்கும் ஒரு குறிப்பு நோட்டுக்கும் பொறுப்பாளி ஜெமைமா. அந்தக் காலத்தில் கேங் மேஸ்திரிகளின் மனைவிமாருக்குத்தான் இப்படிச் சின்னச் சைடிங்குகளைக் கொடுப்பார்கள். பதினோரு வருஷம் அவள் அதைப் பார்த்தாள். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு வண்டியும் அவளால் ஒரு நிமிஷம் தாமதப்பட்டதில்லை.

அந்த வேலையில் ஒரு தட்டு உண்டு. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தகரம், வெள்ளைப் பூச்சு, நடுவில் பச்சையில் ஒரு சிலுவை. பட்டியலில் இல்லாத ஸ்பெஷல் வண்டி ஒன்று திடீரென்று வருகிறது என்றால், அதற்கு முன்னால் போகிற வண்டியின் கடைசிப் பெட்டியில், பின்பக்கமாக அந்தத் தட்டைத் தொங்கவிட வேண்டும். வழியில் வேலை செய்கிற கேங் ஆட்களுக்கு டெலிபோனா இருக்கிறது? காலையில் டிராலி ஏறிப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். அவர்கள் வண்டியின் வாலைப் பார்ப்பார்கள். வாலில் தட்டு இருந்தால் பின்னால் இன்னொரு வண்டி. வால் வெறுமையாக இருந்தால் பாதை அவர்களுடையது. இது ரயிலோடு வாழ்கிறவர்கள் வீட்டில் பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சமாசாரம்.

அது பஞ்ச வருஷம். ஜனவரி மாதம். பாரன்ஹீட்டில் நூற்றுப் பன்னிரண்டு டிகிரி வெயில் ஒன்பது நாளாக இறங்கவில்லை.

அன்று காலை வில்ஃப் ரொட்டியும் ஆட்டிறைச்சியும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு டிராலியில் ஏறினான். கூட ஸ்நோவியும் லேதமும். ஸ்நோவிக்குத் தலை சிறு வயசிலேயே நரைத்துவிட்டது, அதனால் அந்தப் பெயர். நாலாவது ஆள் ஈறு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்.

"ஜெம், ஒன்பதாம் மைல் வளைவுல ஒரு தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிஞ்சு கெடக்கு. கலப்பு வண்டி தாண்டினதும் அதைக் கழட்டிப் புதுசு போடப் போறேன்" என்றான் வில்ஃப்.

"மூணே பேரா?"

"மூணுன்னு யாரு சொன்னா மிஸ்ஸஸ்?" என்றான் ஸ்நோவி. "உங்க வீட்டுக்காரருக்கு முதுகு பிடிச்சிருக்கு, லேதமுக்குப் புத்தி பிடிச்சிருக்கு. கழிச்சுப் பாத்தா நான் ஒருத்தன்தான் முழு ஆளு."

"உன் வாயைக் கழிச்சா நீயும் அரை ஆளுதான்" என்றான் லேதம்.

ஜெமைமா சிரித்தாள். ஆனாலும் கேட்டாள்: "கொடி ஆளு யாரு, வில்ஃப்?"

சட்டப்படி தண்டவாளத்தைக் கழற்றினால் ரெண்டு பக்கமும் அரை மைல் தூரத்தில் சிவப்புக் கொடியோடு ஆள் நிற்க வேண்டும். வில்ஃப் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"மூணு பேர்ல ரெண்டு பேரு கொடி பிடிச்சுக்கிட்டு நின்னா தண்டவாளத்தை யாரு தூக்கறது? தேவதூதரா? சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பட்டியல்ல வேற வண்டி கிடையாது. வாலைப் பார்ப்பேன். தட்டு இல்லேன்னா கழட்டுவேன். எல்லா கேங்கும் அப்படித்தான் செய்யுது."

அது உண்மைதான். எல்லா கேங்கும் அப்படித்தான் செய்தது. அவளும் தண்ணீர்ப் பையை எடுத்து டிராலியில் வைத்தாள்.

ஒன்பது மணிக்கு டெலிபோன் அடித்தது. தெற்கே பெண்டாரா ஸ்டேஷனிலிருந்து. வடக்கே தண்ணீர் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கும் ஆடுகளை ஏற்றிவர முப்பது காலிப் பெட்டியோடு ஒரு ஸ்பெஷல் வருகிறது. கலப்பு வண்டி விரண்டியைத் தாண்டி வடக்கே குர்லா ஸ்டேஷனைச் சேர்ந்ததும் ஸ்பெஷல் கிளம்பும். கலப்பு வண்டியில் தட்டு மாட்டியாயிற்று.

"மாட்டியாச்சுல்ல?" என்று ஜெமைமா இன்னொரு தரம் கேட்டாள்.

"நானே என் கண்ணால பாத்தேன் மிஸ்ஸஸ். நீங்களும் பாத்து நோட்டுல எழுதுங்க."

கலப்பு வண்டி என்றால் பாதி சரக்கு, பாதி ஜனம். அது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஜெமைமா அதை எதிர்பார்த்ததற்குத் தட்டு மட்டும் காரணமல்ல. விரண்டியில் தொட்டி காய்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கடைசி வாளித் தண்ணீரில் பாதியை வில்ஃபின் ஆட்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மீதியில் அவளும் கோழிகளும் உயிரோடிருந்தார்கள். அந்த வண்டியில் தண்ணீர் வந்தது. பெரிய இரும்புத் தொட்டி வைத்த வாகனம், கார்டு பெட்டிக்கும் பின்னால், எல்லாவற்றுக்கும் கடைசியாக மாட்டியிருந்தது. வழியில் கழற்றிவிட வசதியாக இருக்கட்டும் என்று அப்படித்தான் மாட்டுவார்கள்.

அதன் பின்பக்கத்தில் தட்டு தொங்கியது. வெள்ளையில் பச்சைச் சிலுவை. அவள் பார்த்தாள். உடனே கொட்டகைக்குள் போய் நோட்டில் எழுதினாள்: தட்டு பார்த்தேன்.

வண்டி புறப்பட்டு வால் தாண்டும்போது பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. வந்தபோதே எழுதிவிட்டாள். அவளுக்குத் தாகம். தண்ணீரைத் தொட்டிக்கு விடுகிற வேலை மண்டைக்குள் நின்றது. எழுதிவிட்டால் ஒரு வேலை முடிந்தது.

கார்டு பெர்ஸ் ஹான்லன் குண்டு மனிதர், ஐம்பது தாண்டியவர். வியர்வையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.

"மிஸ்ஸஸ், உங்க தண்ணிய வழியெல்லாம் நான் குடிக்காம கொண்டாந்திருக்கேன். இதுக்கே எனக்குப் பரலோகத்துல ஒரு நாற்காலி போடணும்."

"நாற்காலி தாங்காது பெர்ஸ், பெஞ்சா கேளு."

"வெயிலு என்னைய உருக்கி நாற்காலி அளவுக்குக் கொண்டாந்துடும், பாருங்க."

பேசிக்கொண்டே பெர்ஸ் டிரைவருக்குக் கைகாட்டினார். வண்டி முன்னே போய்ப் பின்னே வந்து, தண்ணீர் வாகனத்தைச் சைடிங்குக்குள் தள்ளிவிட்டது. பெர்ஸ் கொக்கியைக் கழற்றினார். அவள் தொட்டிக்குப் போகிற குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கார்டு பெட்டியின் படியில் தொற்றிக்கொண்டு பெர்ஸ் பச்சைக் கொடியை ஆட்டினார். வண்டி போயிற்று. ஜெமைமா அப்போது குனிந்து குழாயை முடுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் தொட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றாள். அந்த நேரத்தில் வண்டியின் வால் வளைவில் திரும்பி மறைந்தது.

ஒன்றே முக்கால் மணிக்கு ஸ்பெஷல் வந்தது. அது விரண்டியில் நிற்காத வண்டி. அவள் வெளியே வந்து பச்சைக் கொடி காட்டினாள். டிரைவர் மட்ஜ் தொப்பியைத் தூக்கினார். முப்பது காலிப் பெட்டியும் கடகடவென்று கடந்து போய், மலையைச் சுற்றிப் போகும் ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது.

தொட்டி நிரம்பியிருக்கும் என்று அவள் குழாயை மூடப் போனாள். மூடிவிட்டு வாளியை எடுக்க வாகனத்தைச் சுற்றித் தெற்குப் பக்கம் வந்தாள்.

தட்டு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டு தொங்க வேண்டியதுதானே, தொங்குகிறது என்று ஒரு கணம் நின்றாள். பிறகு வாளி கையிலிருந்து விழுந்தது. தட்டு கடைசிப் பெட்டியில் இருந்தது. கடைசிப் பெட்டியைக் கழற்றி அவளிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பெர்ஸ் தட்டை எடுத்துக் கார்டு பெட்டியில் மாட்ட மறந்துவிட்டார். வண்டி போகும்போது அவளும் வாலைப் பார்க்கவில்லை. கலப்பு வண்டி வெறும் வாலோடு வில்ஃபைத் தாண்டிப் போயிருக்கிறது.

ஒன்பதாம் மைலில் இப்போது பாதையில் ஓட்டை. அதை நோக்கித்தான் அவள் சற்றுமுன் பச்சைக் கொடி காட்டி ஒரு வண்டியை அனுப்பினாள்.

டெலிபோனை எடுத்துச் சுழற்றினாள். "ஸ்பெஷல் போயிருச்சு, வில்ஃபுக்குத் தெரியாது, தட்டு எங்கிட்ட இருக்கு" என்று கத்தினாள். பெண்டாராக்காரருக்கு உடனே புரிந்தது.

"கடவுளே. எவ்ளோ நேரமாச்சு?"

"அஞ்சு நிமிஷம். ஆறு."

"குர்லாவுக்குச் சொல்லி என்ன பிரயோசனம், வளைவு குர்லாவுக்கு இந்தப் பக்கம்தானே இருக்கு. மிஸ்ஸஸ், நடுவுல யாரும்..."

"யாரும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரயில் பாதை ஒட்டகத் திமில் என்கிற அந்த மலையைச் சுற்றி ஒன்பது மைல் போகிறது. நல்ல ஏற்றம். முப்பது பெட்டியோடு ஏற ஒரு வண்டிக்கு நாற்பது நிமிஷம் பிடிக்கும். ஆனால் திமிலுக்கு நடுவே ஒரு பள்ளம் உண்டு. அந்த நிலத்தின் ஆதிக்குடிகள் ரயிலுக்கு எவ்வளவோ முன்பே நடந்து நடந்து போட்ட தடம் அதன் வழியாகப் போகிறது. அதில் ஏறினால் ஒன்றரை மைலில் மேட்டின் உச்சி. அங்கிருந்து பார்த்தால் ஒன்பதாம் மைல் வளைவு காலடியில் தெரியும்.

மேசைமேல் கொடி இருந்தது. சிவப்பை எடுத்தாள். அலமாரியில் எச்சரிக்கை வெடி டப்பா. சின்ன வட்டத் தகரப் பெட்டிக்குள் மருந்து அடைத்து, ஈயப் பட்டையால் தண்டவாளத்தில் கட்டுகிற வெடி. இஞ்சின் சக்கரம் அதை நசுக்கினால் பீரங்கி போல் வெடிக்கும். டிரைவர் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். டப்பாவில் நாலு இருந்தது. நாலையும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

நாற்பத்தாறு வயசு. கால் பெருத்த பெண்பிள்ளை. வீட்டுச் செருப்பு. பாறையில் கால் வைத்தால் செருப்பைத் தாண்டிச் சுட்டது. முதல் கால் மைல் ஓடினாள். பிறகு ஓட்டம் நடையாயிற்று. நடை தவழலாயிற்று. முள்ளுப் புதரைப் பிடித்து ஏறினாள், கை கிழிந்தது. மூச்சு நெஞ்சில் கத்தி போல் இறங்கியது. ஜெபம் பண்ண வார்த்தை வரவில்லை. "இயேசுவே" என்கிற ஒரே பெயரை ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம் சொல்லிக்கொண்டு போனாள். காலம் தெரியவில்லை. கடிகாரத்தைக் கொட்டகையில் விட்டுவிட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ இஞ்சின் முக்குகிற சத்தம் வந்து வந்து போயிற்று. சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

இரண்டு தரம் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் தரம் இனி எழுந்திருக்க முடியாது என்றே நினைத்தாள். அப்போது அவள் கண்முன் வந்தது வில்ஃபின் முகம்கூட அல்ல. அவளுடைய சொந்தக் கையெழுத்து. தட்டு பார்த்தேன். அதை நினைத்ததும் எழுந்துவிட்டாள்.

உச்சியில் காற்று அடித்தது. கீழே அரை மைலில் வளைவு. மூன்று மனிதர்கள் எறும்பு அளவுக்கு. டிராலி ஓரத்தில் கிடந்தது. அவர்கள் நடுவில் தண்டவாளம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிலீப்பர் கட்டைகள். வலப்பக்கம், மூக்குப்போல் நீண்ட மலைமுனையைத் தாண்டி, கறுப்புப் புகை ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. புகையை அவள் பார்க்கிறாள். அவர்களுக்கு அந்த மூக்கு மறைக்கிறது.

"வில்ஃப்!"

காற்று அவள் குரலைப் பின்பக்கம் அள்ளிக்கொண்டு போயிற்று. கொடியை ஆட்டினாள். மூன்று முதுகும் குனிந்தே இருந்தன. சம்மட்டி விழுந்தது. சத்தம் இரண்டு நொடி கழித்து அவளிடம் வந்து சேர்ந்தது.

இறங்கி ஓடினால் கால் மணி நேரம் ஆகும். புகைக்கு அவ்வளவு நேரம் இல்லை.

அவள் ஒரு வெடியை எடுத்துத் தட்டையான பாறையில் வைத்தாள். தலையளவு கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் போட்டாள். வெடி நசுங்கியது, வெடிக்கவில்லை. பழைய மருந்து. இன்னொரு தரம் போட்டாள். அது நசுங்கிய தகரமாகக் கிடந்தது.

மூன்று இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வெடிச்சத்தம் என்றால் யாரோ கங்காரு சுடுகிறார்கள் என்று அர்த்தம். இரண்டு என்றால் அவன் குறி தவறிவிட்டான். ஒரே இடைவெளியில் மூன்று கேட்டால்தான் ரயில்காரன் தலை நிமிர்வான். மூன்று வெடி என்றால் நிறுத்து. அவளிடம் இருந்ததே மூன்று. ஒன்று பொய்த்தாலும் போச்சு.

இந்தத் தடவை குனிந்து போடவில்லை. கல்லைத் தலைக்குமேல் தூக்கி முழுப் பலத்தோடு அறைந்தாள். மலை அதிர்ந்தது. காது அடைத்தது. பார்த்தாள். கீழே ஒரு முதுகு நிமிர்ந்தது, திரும்பக் குனிந்தது.

இரண்டாவது வெடி. அறைந்தாள். ஏதோ ஒன்று இடது கன்னத்தில் அடித்தது. குளவி கொட்டினதுபோல். சூடாக ஏதோ கழுத்துக்கு வழிந்தது. தகரச் சில்லு. இடது கண்ணில் மங்கலாகச் சிவப்பு. மூன்றாவது வெடியைப் பையில் தடவினாள். அது விரலிலிருந்து வழுக்கி விழுந்து பாறை இடுக்கில் உருண்டது. மண்டியிட்டு விரலை விட்டு எடுத்தாள். இடைவெளி தவறுகிறதே, தவறுகிறதே என்று வாய்விட்டு அழுதாள். வைத்தாள். கல்லைத் தேடினாள், கல் உருண்டு ஓடியிருந்தது. இன்னொன்றை எடுத்தாள், கனம் போதாது. அதையே எடுத்து, "ஆண்டவரே, இதை நீர் போடும்" என்று சொல்லி அறைந்தாள்.

வெடித்தது.

இதற்குப் பிறகு அவளுக்குச் சத்தமே இல்லை. கண்ணால்தான் எல்லாம். மூன்று பேரும் நிமிர்ந்திருந்தார்கள். ஒருவன் கையை நெற்றியில் வைத்து மலையைப் பார்த்தான். அது வில்ஃப். நிற்கிற தோரணையில் தெரிந்தது. அவள் சிவப்புக் கொடியை இரண்டு கையாலும் தூக்கி, தெற்கே, புகையின் பக்கம் நீட்டினாள். நீட்டி நீட்டிக் காட்டினாள். வில்ஃப் ஒரு கணம் நின்றான். அப்புறம் டிராலியிலிருந்து கொடியைப் பிடுங்கிக்கொண்டு, பாதையின் நடுவே, வண்டி வருகிற திசையிலேயே ஓடினான். நிதானம் தவறாத மனிதன், இருபத்தாறு வருஷத்தில் அவன் ஓடி அவள் பார்த்ததில்லை.

மூக்கைத் தாண்டி இஞ்சின் வெளியே வந்தது.

வில்ஃபுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருந்த தூரத்தை அவள் பார்த்தாள். வில்ஃபுக்கும் ஓட்டைக்கும் நடுவில் இருந்த தூரத்தையும் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து போதாது என்று தோன்றியது. வில்ஃப் கொடியை ஆட்டிக்கொண்டே அதன் முன்னால் ஓடினான், விலகவில்லை. இஞ்சினிலிருந்து வெள்ளை நீராவி பாய்ந்தது. விசில். அவளுக்குக் கேட்கவில்லை. பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டி அசைந்தன. வில்ஃப் ஓரத்தில் பாய்ந்து விழுந்தான். இஞ்சின் அவனைத் தாண்டியது. இன்னும் போயிற்று, இன்னும் போயிற்று. ஸ்நோவியும் லேதமும் கைகளை ஆட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. வண்டி நின்றிருந்தது. ஓட்டைக்கு முன்னால் பதினோரு கட்டை தூரம்தான் மிச்சம் என்று ஸ்நோவி பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வில்ஃப்தான் மேலே ஏறி வந்தான். முழங்கையில் தோல் உரிந்து, முகமெல்லாம் கரி. அவள் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு வாய் கோணிக்கொண்டது. தண்ணீர்ப் பையை நீட்டினான். அவன் பேசுவது அவளுக்கு வலது காதில் மட்டும், தூரத்தில் யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"தட்டு இல்லியே ஜெம். நான் பாத்தேன். நல்லாப் பாத்தேன்."

"தட்டு வீட்ல இருக்கு வில்ஃப். தண்ணி வண்டியில."

அவன் அதை யோசித்துப் பார்த்தான். புரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"பெர்ஸ் மறந்துட்டான்."

"பெர்ஸ் மறந்தான். நானும் பாக்கல. பாத்தேன்னு எழுதியிருக்கேன்."

"நானும் கொடி ஆளு நிறுத்தல" என்றான் வில்ஃப். கீழே டிரைவர் மட்ஜ் இஞ்சினைவிட்டு இறங்கி, ஸ்நோவியைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார். கிடைத்தவன் ஸ்நோவிதான்.

இரண்டு வாரம் கழித்து பெண்டாராவில் விசாரணை நடந்தது. வெளியே காத்திருக்கையில் பெர்ஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் வற்றிப்போய் ஆளே சுருங்கியிருந்தார்.

"மிஸ்ஸஸ், நீங்க நோட்டுல எப்ப எழுதினீங்கன்னு சொல்லாம விட்டா, என்மேல மட்டும் போயிரும். நீங்க தப்பிச்சுருவீங்க. உங்க கன்னத்தைப் பாத்து உங்களுக்குப் பதக்கமே குடுப்பாங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல. நான்தான் மறந்தேன்."

"பெர்ஸ், உனக்கு வெயில் இன்னும் தெளியல."

உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் நல்ல மனிதர். அவளுக்குக் காது கேட்காது என்று தெரிந்து சத்தமாகவும் மெதுவாகவும் பேசினார்.

"மிசஸ் பெங்கெல்லி, டிரைவர் சொல்றதைப் பாத்தா இஞ்சின்ல ரெண்டு, பாதையில மூணு, ஆக அஞ்சு பேர் உயிரை நீங்க காப்பாத்தியிருக்கீங்க. இதை அறிக்கையில எழுதப் போறோம்."

"எழுதுங்க ஐயா. அதுக்கு மேல, வண்டி போறப்ப நான் வாலைப் பாக்கலேன்னும் எழுதணும். வந்தப்பவே பாத்தேன்னு பதிஞ்சுட்டேன். தண்ணியப் பாத்துக்கிட்டு நின்னேன். பச்சைக் கொடி காட்டி அந்த வண்டிய அனுப்பினதும் நான்தான்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "இதை நீங்க சொல்லித்தான் ஆகணும்னு இல்லையேம்மா."

"அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் என் வீட்டுக்காரர் ஐயா. அவரு செத்திருந்தா இதை யாரு சொல்லியிருப்பா?"

அறிக்கையில் இரண்டும் எழுதப்பட்டது. பெர்ஸை ஒரு வருஷம் யார்டில் பெட்டி மாட்டுகிற வேலைக்கு இறக்கினார்கள். வில்ஃபின் மேஸ்திரிப் பட்டம் ஆறு மாதம் போயிற்று. ஜெமைமாவிடமிருந்து கொடிகளும் நோட்டும் வாங்கப்பட்டன. லேதமின் மனைவி அந்த வேலைக்கு வந்தாள். அந்தக் கோட்டத்தில் அதற்குப் பிறகு கார்டு பெட்டிக்குப் பின்னால் எந்த வாகனமும் மாட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. அது இன்றைக்கும் இருக்கிறதோ என்னவோ.

லேதமின் மனைவி முதல் நாள் கொட்டகையில் உட்கார்ந்தபோது, ஜெமைமா அவளுக்கு டெலிபோன் சுழற்றக் கற்றுக் கொடுத்தாள். மத்தியானம் கலப்பு வண்டி வந்தது. அந்தப் பெண் நோட்டில் எழுதப் பென்சிலை எடுத்தாள்.

"வைம்மா கீழே" என்றாள் ஜெமைமா. "வண்டி போகட்டும் முதல்ல."

இருவரும் வெயிலில் போய் நின்றார்கள். வண்டி புறப்பட்டு, கடைசிப் பெட்டி தாண்டி, வளைவில் திரும்பி, புழுதி அடங்கும்வரை நின்றார்கள்.